மூன்று நாள் ஒட்டியிருந்தும் ஏன் அரிக்கவில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வெளியே புல்வெளியில் நடந்துவிட்டு வந்து, மூன்றாம் நாள்தான் முழங்காலுக்குப் பின்னால் உண்ணியைப் பார்த்ததாகவும், அதுவரை அரிப்பே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தோலில் குறை ஒன்றுமில்லை, சூது உண்ணியின் எச்சிலில். கடிபட்ட இடத்தில் நம் உடல் ஹிஸ்டமைன் என்ற வேதிப்பொருளை விடும், அரிப்பு அதனால்தான். நம் பக்கத்துப் பழுப்புக் காது உண்ணியின் எச்சிலில் அந்த ஹிஸ்டமைனையே கவ்விக்கொள்ளும் புரதங்கள் உண்டு. அப்புறம் உண்ணிகளின் எவாசின் புரதங்கள், வெள்ளணுக்களைக் கூப்பிடும் கீமோகைன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூப்பிட்ட குரல் போய்ச் சேராது. என் நாயின் காதில் பட்டாணி அளவுக்கு ஊதிக் கிடந்த உண்ணியையும் அது சொறியவே இல்லை!

பிடுங்கியாகிவிட்டது, சரி. இரண்டு வாரம் கவனியுங்கள். கடிவாயில் கறுத்த பொருக்கு, காய்ச்சல், தலைவலி வந்தால் டாக்டரிடம் உண்ணிக்கடி என்று முதலிலேயே சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்றால் டாக்சிசைக்ளின் தருவார்கள்.