வனவியலா, வேளாண்மையா? கவலைப்படும் ஒரு தாய்க்கு

அம்மா, "இன்ஜினியரிங் கிடைக்கிற மார்க் வாங்கிட்டு, காடு, விவசாயம்னு நிக்கிறாளே" என்று நேற்று கண் கலங்கினீர்கள். உங்கள் மகள் கேட்பது வேளாண் சூழலியல். காடு எப்படி வளர்கிறதோ அப்படியே பயிர் வைத்து, காட்டையும் மீட்டுச் சோற்றுக்கும் வழி பார்க்கிற துறை.

அது எப்படி இருக்கும் என்று பார்க்க, கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பழைய காப்பித் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். மேலே பலா. கல்யாண முருங்கையில் ஏறிய மிளகுக்கொடி. நடுவே விருப்பாட்சி மலைவாழை, அந்த நிழலில் காப்பி. கால் வைத்தால் சருகு மெத்தென்று அமுங்கும். விரலால் கிளறினால் ஈரமாய்க் கறுத்த மண். கல்யாண முருங்கை காற்றின் தழைச்சத்தை வேரில் பிடித்துவைக்கும், கவாத்து செய்த தழை உரமாகும். காப்பி விலை விழுந்த வருஷத்திலும் வாழைத்தாரும் மிளகும் வீட்டைத் தாங்கும்.

அந்த வாழையையே முடிக்கொத்து நோய் அழிக்கப் பார்த்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ், மருந்தே கிடையாது. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் வைரஸ் சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்த பிறகுதான் மலையில் அந்த வாழை மறுபடி தலையெடுத்தது. ஆய்வகத்தில் கன்றைச் சோதிப்பவர், நோய் கண்ட மரத்தைப் பிடுங்கச் சொல்லித் தோட்டம் தோட்டமாக நடப்பவர்: இதெல்லாம் சம்பளம் வாங்கிப் பார்க்கிற வேலைதான், அம்மா.

இந்தப் படிப்புகளுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்கில் வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வு நடக்கும். வனவியல் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. பலர் சறுக்குவது இங்கேதான்: அரசு வேளாண்மை அலுவலர் பதவிக்கு பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும், வனவியல் பட்டம் அங்கே செல்லாது. ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வனப்பணித் தேர்வை இரண்டும் படித்தவர்கள் எழுதலாம். விவசாயிகளோடு நிற்கத்தான் அவளுக்கு ஆசை என்றால் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் வேளாண்மையை முதலில் போடுங்கள். முதுகலையில் சுற்றுச்சூழல் அறிவியல் எடுக்கலாம். காடுதான் என்றால் மேட்டுப்பாளையம்.

தொண்டு நிறுவனங்களில் முதல் சில வருஷம் ஐ.டி. சம்பளம் வராது. அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு பஸ் இருக்கிறது. விருப்பப் பட்டியல் போடும் முன் ஒரு நாள் கூட்டிப் போங்கள். சரிவில் மூச்சு வாங்கும், மழை பெய்திருந்தால் அட்டை கடிக்கும். இறங்கி வந்த பிறகும் அவள் அதையே சொன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள், சேர்ந்து உட்கார்ந்து வரிசை போடுவோம்.