குளிசையும் கொப்பியும்: வாசகர் கேள்வி, மருந்தாளர் பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. தோல் இறுகி, குளிர்தண்ணி பட்டால் விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கிற ஸ்கிலெரோடெர்மா வருத்தம் அவவுக்கு நெடுநாளாக இருக்கிறது. இந்த வருசம் கிணற்றடிக்குப் போய் வரவே இளைக்கத் தொடங்கிவிட்டது. நெஞ்சு ஸ்கேனும் அதன்பிறகு குழாய் விட்டுப் பார்க்கிற சோதனையும் செய்து, நுரையீரலில் பிரஷர் என்று சொல்லி, சில்டெனாபில் 20 மில்லிகிராம் மூன்று நேரம் எழுதித் தந்தார்கள். துண்டை நீட்டியபோது பாமசியில் நின்ற பெடியன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சிரித்தான். விசயம் தெரிந்ததும் அப்பா, "இதையா ஒரு பொம்பிளைக்குக் குடுக்கிறது?" என்று அட்டையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மாவின் பிரஷர் கையில் பார்த்தால் எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் குளிசை அவவுக்குத் தேவைதானா?
ஒரு மகள், கோண்டாவில்

பதில்: தேவைதான், பிள்ளை. அலுமாரித் திறப்பை இன்றைக்கே அப்பாவிடம் வாங்கிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

கையில் பட்டி கட்டிப் பார்க்கிற பிரஷர் இதயத்தின் இடப்பக்கம் உடம்புக்கு இரத்தத்தைத் தள்ளுகிற அழுத்தத்தைக் காட்டுவது. அம்மாவின் வருத்தம் வலப்பக்கத்தில். அந்தப் பக்கம் நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் அனுப்பும். அங்கே சாதாரணமாக அழுத்தம் மிகக் குறைவு, சராசரி 14 அளவில்தான் நிற்கும்; 20ஐத் தாண்டினாலே கூடிவிட்டது என்று கணக்கு. ஸ்கிலெரோடெர்மா உள்ளவர்களுக்கு நுரையீரலின் சிறிய நாடிகள் தடித்து ஒடுங்குவது உண்டு. வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கிற மெஷினில் பெரிய குழாயைக் கழற்றிவிட்டுச் சின்னதைப் பூட்டினால் மெஷின் என்ன பாடுபடும்? இதயத்தின் வலப்பக்கம் அந்தப் பாடுதான் படுகிறது. மெல்ல மெல்ல வீங்கும், களைக்கும், பிறகு கால் வீங்கும். கைப் பிரஷர் 120க்கு 80 என்று நின்றாலும் இது உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே கைப் பிரஷரைப் பார்த்து இந்த மருந்தைத் தீர்மானிக்க முடியாது.

இனி அப்பாவின் கோபம். சில்டெனாபில்தான் வயாக்ராவுக்குள் இருக்கிற மருந்து. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது அந்த வேலைக்கென்று கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1990களின் தொடக்கத்தில் பைசர் கம்பனி இங்கிலாந்தில் நெஞ்சுநோவுக்கு ஒரு மருந்து தேடியபோது பரிசோதித்த மருந்து இது. நெஞ்சுநோவுக்குச் சரிவரவில்லை. ஆம்பிளைகள் வேறு ஒரு விளைவைச் சொல்ல, 1998இல் நீலக் குளிசையாக வந்தது. இரத்தக் குழாயைத் தளர்த்துகிற நைத்திரிக் ஒக்சைட்டின் வேலையை இது நீட்டித்துக் கொடுக்கிறது. அந்தத் தளர்வு நுரையீரல் நாடிகளிலும் நடக்கும் என்பதால் 2005இல் 20 மில்லிகிராம் குளிசைக்கு நுரையீரல் பிரஷருக்கென்றே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பொம்பிளைகளுக்கும் அதே குளிசைதான், அதே அளவுதான். அப்பா பயப்படுகிற பக்கத்தால் அம்மாவுக்கு ஒன்றும் நடக்காது.

சிரித்த பெடியனை விடுங்கள். ஆஸ்பத்திரி மருந்தக யன்னலுக்குப் பின்னால் நின்ற காலத்தில் இந்தச் சிரிப்பை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பின்னுக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்காமல் குளிசையின் பெயரைக் காதுக்குள் சொன்ன அம்மாமார் எத்தனையோ பேர். எனக்குக் கவலை அந்தக் குசுகுசுப்புத்தான். வெட்கப்பட்டு ஒளிக்கிற மருந்து கிளினிக் கொப்பியில் ஏறாது. கொப்பியில் இல்லாதது அவசரத்தில் பார்க்கிற வைத்தியருக்குத் தெரியாது. இந்த மருந்தில் அது உயிருக்கு ஆபத்து.

காரணம் இதுதான். நெஞ்சுநோவென்று போனால் நாக்குக்குக் கீழே வைக்கத் தருகிற ஜி.ரி.என். குளிசை, இதய நோயாளிகள் தினமும் எடுக்கிற ஐசோசோர்பைட் வகைகள், நிக்கொராண்டில்: இவற்றில் எதுவும் சில்டெனாபிலோடு சேரக் கூடாது. சேர்ந்தால் பிரஷர் சடாரென்று விழும், ஆளை எழுப்ப முடியாமலும் போகலாம். அம்மாவைப் போல மூன்று நேரமும் எடுப்பவருக்கு, "காலையில் எடுத்தது இப்போது இறங்கியிருக்கும்" என்று சொல்ல இடமே இல்லை.

அப்பாவுக்கு இதய வருத்தம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால், சாமித்தட்டிலோ ரீவி மேசையிலோ ஒரு சின்ன மண்ணிறக் கண்ணாடிப் போத்தலில் அந்த ஜி.ரி.என். குளிசை இருக்கும். அம்மா ஒரு இரவு நெஞ்சு இறுக்குது என்பா. அப்பா அன்பில்தான் ஓடிப்போய்த் தன் போத்தலில் ஒன்றை எடுத்து அவவின் நாக்குக்குக் கீழே வைப்பார். ஆகவே அந்தப் போத்தலை இன்றைக்கே அப்பாவின் தலையணைப் பக்கம் மாற்றி வையுங்கள். எதற்கென்று அவருக்கும் சொல்லுங்கள். பூட்டுவதென்றால் அலுமாரியில் இதைப் பூட்டுவதில் அர்த்தம் இருந்திருக்கும்! ஆனால் இது பூட்டி வைக்கிற மருந்துமல்ல, அவருக்கு வேண்டிய நேரத்தில் கைக்கெட்ட இருக்க வேண்டும்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயரைச் சிவப்புப் பேனையால் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கீழே நைத்திரேற் (மேலே சொன்ன ஜி.ரி.என்., ஐசோசோர்பைட் வகை மருந்துகள்) கொடுக்க வேண்டாம் என்றும் எழுதுவிக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸ் வந்தால் அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதும் இதைத்தான். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள். சளிக்காய்ச்சலுக்கு வெளியில் மருந்து எடுத்தாலும் சொல்லுங்கள், ஏனென்றால் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் உடம்பில் சில்டெனாபிலின் அளவைக் கூட்டிவிடும்.

தொடக்கத்தில் தலையிடிக்கும், முகம் சூடேறிச் சிவக்கும், மூக்கடைக்கும், சிலருக்கு மூக்கால் இரத்தம் வரும், வயிறு எரியும். பெரும்பாலும் போகப்போகக் குறையும். தலையிடிக்குப் பரசிற்றமோல் போடலாம். படுக்கையால் எழும்பும்போது கொஞ்சம் இருந்து எழும்பச் சொல்லுங்கள். கண் பார்வையோ காது கேட்பதோ திடீரென்று குறைந்தால், மயங்கி விழுந்தால், அடுத்த நேரக் குளிசையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

எவ்வளவு குணம் தெரியும்? 2005இல் வெளிவந்த பெரிய பரிசோதனையில், 6 நிமிடத்தில் நடக்கிற தூரம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 12 கிழமையில் மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களைவிட ஏறக்குறைய 45 மீற்றர் கூடியது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். உங்கள் படலையில் இருந்து கிணற்றடிக்கு எத்தனை மீற்றர் என்று ஒருக்கால் அளந்து பாருங்கள். அதே பரிசோதனையில் 40, 80 என்று கூட்டிக் கொடுத்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆகவே "இன்னும் ஒன்று போட்டுப் பார்ப்போம்" என்ற யோசனை வேண்டாம். இது வருத்தத்தை வேரோடு எடுக்கிற மருந்துமல்ல. சுகமாக இருக்குதென்று தானாக நிறுத்தினால் இளைப்பு மோசமாகத் திரும்பலாம்.

கேள்வி: 20 மில்லிகிராம் எங்கள் ஊர்ப் பாமசிகளில் இல்லை. 100 இருக்கிறது. பிளேட்டால் ஐந்தாக வெட்டிக் கொடுக்கலாமா?
ஒரு மகன், சாவகச்சேரி

பதில்: வேண்டாம், தம்பி. குளிசையை நடுவால் உடைத்தாலே இரண்டு பாதியும் ஒரே அளவு வருவதில்லை. ஐந்தாக வெட்டினால் ஒரு துண்டில் 10 இருக்கும், இன்னொன்றில் 30 இருக்கும், மிச்சம் பிளேட்டோடு தூளாகப் போகும். கிடைக்கவில்லை என்று எழுதித் தந்த வைத்தியரிடமே சொல்லுங்கள். 25 எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு நேரம் மட்டும் எடுக்கிற ரடலாபிலுக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. அட்டை முடிவதற்கு ஒரு கிழமை முன்பே தேடத் தொடங்குங்கள். அப்புறம், யாரோ கொண்டுவந்து தருகிற, பெட்டியில்லாத மலிவு அட்டையை வாங்கவே வேண்டாம். உலகத்தில் அதிகம் போலி செய்யப்படுகிற மருந்துகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: மருமகளுக்கு நுரையீரல் பிரஷருக்குப் பொசென்ரான் கொடுக்கிறார்கள். கலியாணமாகி இரண்டு வருசம். கொஞ்ச நாளைக்குக் குளிசையை நிறுத்தினால் பிள்ளை தங்குமா?
ஒரு மாமியார், பருத்தித்துறை

பதில்: அம்மா, உங்கள் ஆசை விளங்குகிறது. ஆனாலும் நேராகவே சொல்கிறேன். பொசென்ரான் வயிற்றில் வளர்கிற பிள்ளைக்கு ஊனம் உண்டாக்கக் கூடியது. அதை எடுக்கிற பெண்ணுக்குக் கர்ப்பம் இல்லை என்று மாதாமாதம் பார்ப்பது அதற்காகத்தான். ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையும் மாதாமாதம். மருந்தை நிறுத்தினாலும் ஆபத்து போகாது: இந்த வருத்தத்தோடு பிள்ளைத்தாய்ச்சியாவது தாயின் உயிருக்கே பெரிய ஆபத்து என்பதால் வைத்தியர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். இன்னொன்று, பொசென்ரான் கருத்தடைக் குளிசையின் வேலையைக் குறைக்கும். அந்தக் குளிசை மட்டும் போதாது, வேறு முறையும் சேர்க்க வேண்டும். இதை மருமகள் தன் வைத்தியரோடு தனியாகப் பேசட்டும். நீங்கள் செய்யக்கூடிய உதவி, எப்போது விசேசம் என்று கேட்டு வருகிற சொந்தக்காரருக்கு வாசலிலேயே பதில் சொல்லி அனுப்புவது.

கேள்வி: கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம். சில்டெனாபிலை ஒரு நேரமாகக் குறைக்கலாமா?
கொக்குவில் வாசகி

பதில்: குறைக்க வேண்டாம். இது வெறும் வயிற்றிலும் எடுக்கலாம், இரண்டு மிடறு தண்ணீர் போதும். மருந்தின் வேகம் சில மணித்தியாலத்தில் இறங்கிவிடுவதால்தான் மூன்று நேரம். தண்ணீரும் குடிக்காத விரதமென்றால், அதோடு சலம் போகிற குளிசையும் எடுத்தால், தலைசுற்றி விழ இடமுண்டு. கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். ஒரு நேரம் மறந்துபோனால் நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த நேரம் கிட்டிவிட்டதென்றால் தவறியதை விடுங்கள், இரண்டைச் சேர்த்துப் போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் அயலில் ஒரு ஐயாவுக்கு பீடி குடித்துக் குடித்து முட்டு. என் அட்டையில் இருந்து இரண்டு கேட்கிறார்.
அதே கொக்குவில் வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். புகையால் கெட்ட நுரையீரலில் இந்தக் குளிசை, காற்று போகாத பக்கங்களுக்கும் இரத்தத்தைத் திறந்துவிட்டு ஒட்சிசனைக் குறைத்துவிடலாம். அவருக்கு வேண்டியது மூச்சோடு இழுக்கிற பம்பும் பீடியை விடுகிற வழியும்தான். மார்பு நோய்க் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள்.