மூன்றாவது ஊசி போடலாமா?
நரம்பியல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் மார்கழி, தை மாதங்களில் இந்தத் தலைவலி வரும். ராத்திரி ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்ததுபோல எழுந்துவிடுவார். வலது கண்ணில் தண்ணீர் கொட்டும், கண் சிவக்கும், அந்தப் பக்க மூக்கு அடைத்துக்கொள்ளும். உட்கார முடியாமல் ஹாலில் நடந்துகொண்டே இருப்பார். கிளஸ்டர் தலைவலி என்று சொல்லி, சுமாட்ரிப்டான் 6 மி.கி. ஊசி எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். போட்டால் பத்து நிமிடத்தில் அடங்குகிறது. போன வாரம் ஒரே ராத்திரியில் இரண்டு போட்ட பிறகும் விடியற்காலையில் மறுபடி வந்துவிட்டது. மூன்றாவது போடுகிறேன் என்றார். நான் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டேன். ஊசி போட்டதும் நெஞ்சை அழுத்துகிறது என்றும் சொல்கிறார். சிகரெட் பழக்கம் உண்டு. மாமனார் மாரடைப்பில்தான் இறந்தார். நான் செய்தது சரியா, டாக்டர்?
– வாசகி, கோவை

பதில்: சரிதான். அந்த மூன்றாவது ஊசியை அவர் போட்டிருக்கக் கூடாது. அதற்காக அந்த ராத்திரி அவர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த வலியில் சுவரில் தலையை முட்டிக்கொள்பவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். கிளஸ்டர் வந்தவரால் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாது. பல்வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, சைனஸ் என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு, பல வருடம் கழித்து எங்களிடம் வருபவர்கள் ஏராளம். உங்கள் கணவருக்கு நோயும் தெரிந்துவிட்டது, கேட்கிற மருந்தும் கிடைத்துவிட்டது. அந்த மருந்தை எதுவரை நம்பலாம் என்பதுதான் இப்போது கேள்வி.

முதலில் கணக்கு. ஒரு வலிக்கு ஓர் ஊசி, 6 மி.கி. அடுத்த ஊசிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் மொத்தம் 12 மி.கி., அதாவது இரண்டே ஊசி. போட்ட ஊசி கொஞ்சம்கூடக் கேட்கவில்லை என்றால், அதே வலிக்கு இன்னொன்று போடாதீர்கள். இரண்டாவது ஊசி அடுத்து வரும் வலிக்கானது.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 24 மணி நேரம் என்பதைத் தேதிக் கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். செவ்வாய் ராத்திரி 11 மணிக்கு ஒன்று, நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு ஒன்று போட்டாயிற்று என்று வையுங்கள். புதன்கிழமைக் கணக்கில் ஒன்றுதானே ஆகியிருக்கிறது, இன்னொன்று பாக்கி இருக்கிறது என்று தோன்றும். அது தப்பு. புதன் ராத்திரி 11 மணி வரை அவருக்கு ஊசி கிடையாது. வலியில் துடிக்கிற மனிதருக்கு மணி பார்த்தது நினைவில் நிற்காது. அதனால் ஒவ்வொரு முறையும் போட்ட நேரத்தைப் பெட்டி மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். அந்தப் பொறுப்பு உங்கள் கையில் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மூளையைச் சுற்றியுள்ள சவ்வுகளில் விரிந்துபோன ரத்தக்குழாய்களை சுமாட்ரிப்டான் சுருக்குகிறது. முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பிலிருந்து வலியைத் தூண்டும் ரசாயனங்கள் கசிவதையும் தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இதயத்தின் ரத்தக்குழாய்களிலும் கொஞ்சம் உண்டு. ஆரோக்கியமான குழாய் அந்தச் சிறு சுருக்கத்தைத் தாங்கிவிடும். ஏற்கெனவே கொழுப்பு படிந்து குறுகிய குழாய் தாங்காது. தோலுக்கு அடியில் போட்ட மருந்து கிட்டத்தட்ட முழுதாக ரத்தத்தில் கலந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலேயே உச்சத்தைத் தொடுகிறது. சீக்கிரம் கேட்பதற்கும் நெஞ்சில் அழுத்தம் சட்டென்று தெரிவதற்கும் அதுதான் காரணம். பிறகு ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் அந்தச் சுமை முழுவதையும் இதயம்தான் சுமக்க வேண்டும்.

அளவைக் கூட்டினால் பலனாவது கூடுமா என்றால், அதுவும் இல்லை. 1991இல் வெளியான ஆய்வில் 6 மி.கி. ஊசி போட்ட பதினைந்து நிமிடத்தில் 74 சதவீத வலிகள் தணிந்தன. மருந்தில்லாத ஊசிக்கு 26 சதவீதம்தான். அடுத்து 12 மி.கி.யை ஒரே முறையில் போட்டுப் பார்த்தபோது பலன் பெரிதாகக் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது.

இனி நெஞ்சு அழுத்தம். ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், உடம்பு முழுக்கச் சூடு பரவுவது, ஊசி குத்துவதுபோன்ற கூச்சம், தலைசுற்றல், கழுத்திலும் தாடையிலும் நெஞ்சிலும் பாரம் வைத்ததுபோல ஓர் இறுக்கம் – இதெல்லாம் இந்த மருந்துக்கு வழக்கமானவை. பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும், பெரும்பாலும் இதயத்தோடு சம்பந்தப்பட்டதாகவும் இருக்காது. ஆனால், 44 வயது, சிகரெட், அப்பாவுக்கு மாரடைப்பு! இந்த மூன்றும் சேர்ந்த ஒருவரிடம் “பெரும்பாலும்” என்ற சொல்லை நம்பி வீட்டில் உட்கார நான் சொல்ல மாட்டேன். இதயப் பரிசோதனை முடியும்வரை அவர் அடுத்த ஊசியை வீட்டில் போட வேண்டாம். ஈசிஜி, தேவைப்பட்டால் ட்ரெட்மில் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், மறுபடி முதல் ஊசியை மருத்துவமனையில் மருத்துவர் கண்முன் போட்டுக்கொள்ளட்டும். எப்போதாவது அழுத்தம் விடாமல் நீடித்தாலோ, இடது கைக்குப் பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். வருகிறவர்களிடம் என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறொன்று. ஒரு ராத்திரிக்கு இரண்டு ஊசி போதவில்லை என்றால், கேட்க வேண்டியது மூன்றாவது ஊசியை அல்ல, தடுப்பு மருந்தை. சுமாட்ரிப்டான் வந்த வலியை அடக்கும், வரப்போகிற வலியைத் தடுக்காது. இந்த நோயில் ஒரு நாளைக்கு எட்டு வலிகூட வரலாம். இரண்டு ஊசியால் அதை எப்படிச் சமாளிப்பது? உங்கள் கடிதத்தில் தடுப்பு மருந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்கு நெஞ்சு அழுத்தத்துக்கு அடுத்த கவலை. வெராபமில் என்ற மாத்திரையை வழக்கமாக ஒரு நாளைக்கு 240 மி.கி.யில் தொடங்கி, படிப்படியாக ஏற்றுவோம். அது இதயத்தின் மின்னோட்டத்தை மெதுவாக்கும் என்பதால் ஏற்றும்போதெல்லாம் ஈசிஜி எடுக்க வேண்டும். வேலைசெய்யத் தொடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளிக்குக் குறுகிய காலம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதுண்டு. பின்மண்டை நரம்புக்கு அருகில் ஊசி போடுவதும் உண்டு. அவருக்கு மார்கழியில் வரும் என்று தெரிந்திருப்பது ஒரு வசதி. அடுத்த வருடம் வலி முதன்முதலாக எட்டிப்பார்த்த அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்த இரண்டு மாதமும் மது ஒரு மடக்குகூட வேண்டாம், அதுவே வலியைக் கிளப்பிவிடும். சிகரெட்டை எப்போதைக்குமாக விடச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு மைக்ரேன், கிளஸ்டர் இரண்டும் இருப்பதாகச் சொல்கிறார்கள். மைக்ரேனுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் எர்கோடமின் கலந்த மாத்திரை வாங்கிப் போடுவேன். மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறேன். இவற்றோடு சுமாட்ரிப்டான் ஊசி போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எர்கோடமினோடு கூடவே கூடாது. இரண்டும் ரத்தக்குழாயைச் சுருக்குபவை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே 24 மணி நேரம் கழிய வேண்டும். மைக்ரேனுக்கு வேறு டிரிப்டான் (சுமாட்ரிப்டான் வகை மருந்து) மாத்திரை போட்டிருந்தாலும் இதே கணக்குதான். எர்கோடமின் மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். கலவை மாத்திரையில் என்னென்ன இருக்கிறது என்று அட்டையைத் திருப்பிப் பார்க்காமலே விழுங்குகிறோம்.

எஸ்சிடலோபிராம் விஷயம் அவ்வளவு கடுமையானது இல்லை. இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அரிதாகச் செரடோனின் என்ற மூளை ரசாயனம் அளவு மீறி கை நடுக்கம், படபடப்பு, காய்ச்சல், வியர்வை, பேதி, குழப்பம் வரலாம். வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசிக்காக மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதில் வேறு ஆபத்து இருக்கிறது. முழுவதும் தவிர்க்க வேண்டியது எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்துகள் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகளை, அவற்றை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட்டுக்கும் அந்தக் குணம் உண்டு. காசநோய் மருந்து எடுப்பவர்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மைக்ரேனும் இருப்பதால் இன்னொன்றும் கவனியுங்கள். மாதத்தில் பத்து நாள், அதற்கு மேல் டிரிப்டான் எடுத்தால் மருந்தே தினசரித் தலைவலியைக் கொண்டுவரக்கூடும்.

கேள்வி: 6 மி.கி. ஊசி எனக்கு அதிகமாகத் தெரிகிறது. பேனா ஊசியைப் பிரித்து, பாதி பாதியாகப் போடலாமா?
– வாசகர், டொராண்டோ

பதில்: பேனாவைப் பிரிக்காதீர்கள். அது ஒரே அழுத்தில் முழு அளவும் இறங்கும்படி செய்தது. பிரித்தால் கிருமி சேரும், அளவும் தெரியாது. ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. சிலருக்கு 2, 3 மி.கி.யிலேயே வலி அடங்குகிறது, பக்கவிளைவும் குறைகிறது. குறைந்த அளவை எப்படிப் போடுவது என்று உங்கள் மருத்துவரையே கேளுங்கள். எப்படிப் போட்டாலும் 24 மணி நேர மொத்தம் 12 மி.கி.யைத் தாண்டக் கூடாது. தொடையின் வெளிப்பக்கத்தில் அல்லது மேற்கையில், தோலுக்கு அடியில் மட்டும் போடுங்கள். ரத்தநாளத்தில் போடவே கூடாது, இதயக் குழாய் இறுகிவிடும்.

கேள்வி: 61 வயது. இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மெட்டோபிரலால், ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். இப்போது கிளஸ்டர் தலைவலி மறுபடி வந்துவிட்டது. பழைய ஊசி பெட்டியில் இருக்கிறது. ஒன்றே ஒன்று போட்டால் என்ன?
– வாசகர், மதுரை

பதில்: ஒன்றுகூட வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர், பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்தவர், கால் ரத்தக்குழாயில் அடைப்புள்ளவர், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர் – இவர்களுக்கு சுமாட்ரிப்டான் எந்த அளவிலும் கிடையாது. அந்தப் பெட்டியை இன்றே மருந்துக் கடையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வரும்போது அது கைக்கு எட்டக் கூடாது.

உங்களுக்கு ஆக்சிஜன் இருக்கிறது. 2009இல் வெளியான ஆய்வில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வேகத்தில் ஆக்சிஜன் சுவாசித்தவர்களுக்குப் பதினைந்து நிமிடத்தில் 78 சதவீத வலிகள் தீர்ந்தன. வெறும் காற்றுக்கு 20 சதவீதம். இதயத்துக்குப் பாதகமில்லை, ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் என்ற கட்டும் இல்லை. நீண்டகால நுரையீரல் நோய் இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் போதாது. பல வீடுகளில் இருப்பது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்தான் தரும். சிலிண்டரும், விட்ட மூச்சை மறுபடி இழுக்காதபடி செய்த, பை வைத்த நான்-ரீபிரீதர் மாஸ்க்கும் வேண்டும். வலி தொடங்கியதுமே உட்கார்ந்து, மாஸ்க்கை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, 12 முதல் 15 லிட்டர் வேகத்தில் பதினைந்து நிமிடம் சுவாசியுங்கள். பி-டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1500 லிட்டர் இருக்கும். 12 லிட்டர் வேகத்தில் எட்டு முறை வரும். தீருமுன் மாற்று சிலிண்டருக்குச் சொல்லிவையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரலாலோடு, கிளஸ்டருக்குத் தடுப்பு மருந்தான வெராபமில் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். தடுப்பு மருந்தை இதய மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கிளஸ்டர் காலத்தில் வலியைத் தூண்டும். ஆனாலும் நெஞ்சுவலி வந்தால் அதை வைக்கத் தயங்கவே கூடாது, தலைவலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிலிண்டர் இருக்கும் அறையில் சிகரெட், ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் இருக்கக் கூடாது.