அட்வான்ஸ், அடாப்டர், சிம்: வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: மேற்படிப்புக்காக அடுத்த மாதம் வெளிநாடு கிளம்புகிறேன். பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்கவில்லை. இணையத்தில் ஓர் அறை பார்த்தேன். படங்கள் நன்றாக இருக்கின்றன, வாடகையும் குறைவு. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறாராம். அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் போட்டுவிட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். வேறு ஆட்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். உரிமையாளர் வெளியூரில், சாவி கூரியரில், முடிவு உடனே என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அநேகமாக அது மோசடிதான். வாடகை குறைவாக இருப்பதுதான் தூண்டில். வெளிநாட்டுக் கணக்குக்கு நேரடியாகப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். கிஃப்ட் கார்டாகவோ கிரிப்டோவாகவோ கேட்டால் அதற்கு மேல் பேசவே வேண்டாம்.

ஒருவேளை ஆள் உண்மையானவராக இருந்தால் என்ற நப்பாசை இருக்கிறதா? விளம்பரப் படங்களை எடுத்து இணையத்தில் படத்தேடல் செய்து பாருங்கள். அதே சோபா, அதே திரைச்சீலையோடு வேறொரு ஊர் விளம்பரத்தில் வந்து நிற்கலாம். அப்புறம் வீடியோ அழைப்பில் நேரலையாக வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். முன்பே எடுத்து வைத்த வீடியோ கணக்கில் வராது. "அந்தக் குழாயைத் திறங்கள், ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டுங்கள்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர் செய்ய வேண்டும். அவரால் வர முடியாவிட்டால், அங்கே இருக்கும் யாராவது செய்யட்டும். வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர் கொஞ்சம் அலுத்துக்கொண்டாவது செய்வார். மோசடிக்காரர் கேமரா ரிப்பேர் என்பார்.

என் யோசனை: முதல் இரண்டு வாரத்துக்குத் தற்காலிகத் தங்குமிடம் போட்டுக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் பார்த்தால் கூடுதல் செலவுதான். ஆனால் வீட்டை நேரில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் வெளியே வீடு தேடுகிற மாணவர்களுக்கு உதவத் தனி அலுவலகமோ ஆளோ உண்டு. போவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.

ஒப்பந்தத்தில் மாணவர்கள் பெரும்பாலும் படிக்காமல் விடுகிற ஒரு வரி இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து வீடு எடுக்கும்போது, "வாடகைக்கு அனைவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்று போட்டிருப்பார்கள். அதாவது, ஒருவர் பாதியில் கிளம்பிவிட்டால் அவர் பங்கை மற்ற மூவரிடமும் கேட்கலாம். ஒரே ஆளிடம் முழுவதையும் கேட்கவும் முடியும். அறை அறையாகத் தனி ஒப்பந்தம் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. முகம் தெரியாதவர்களோடு சேரும்போது அதுதான் நிம்மதி.

குடிபோகும் நாளிலேயே சுவர்க் கறை, கார்ப்பெட் கிழிசல், மின்சார மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது "இந்தக் கறை யார் வைத்தது?" என்ற பேச்சு வந்தால், தேதியோடு இருக்கும் அந்த மின்னஞ்சல்தான் பேசும். சில நாடுகளில் அட்வான்ஸை உரிமையாளர் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, மூன்றாவது அமைப்பு ஒன்றில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீங்கள் போகும் நாட்டில் எப்படி என்று விசாரியுங்கள்.

கேள்வி: என் ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, லேப்டாப் மூன்றையும் எடுத்துப் போகிறேன். நல்ல அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும்தானே?

பதில்: லேப்டாப்புக்குப் போதும். மற்ற இரண்டுக்கும் போதாமல் போகலாம்.

அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. உலகில் சில நாடுகளில் வீட்டு மின்சாரம் 100 முதல் 127 வோல்ட் வரை, மற்ற பெரும்பாலான நாடுகளில் 220 முதல் 240 வரை. லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். இருந்தால் எங்கேயும் செருகலாம். ஹேர் டிரையரில் 220-240 மட்டும் போட்டிருந்து, நீங்கள் போகும் இடத்தில் 110 என்றால், கிட்டத்தட்ட கால்வாசி சூடுதான் வரும். தலைகீழாக, 110க்கான பொருளை 220இல் செருகினால் நாலு மடங்கு மின்சாரம் இழுத்துக் கருகிவிடும்.

வோல்ட்டை மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கலாமே என்றால், 2000 வாட் ஹேர் டிரையரைத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் பல கிலோ எடை இருக்கும். அதைச் சுமந்து போவதைவிட அங்கேயே ஒரு டிரையர் வாங்கிவிடலாம். படித்து முடித்துக் கிளம்புகிற சீனியர்கள் இப்படிப்பட்ட சாமான்களைப் பாதி விலைக்கு, சில சமயம் சும்மாவே கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பவர் பேங்கை மட்டும் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்தான் போக வேண்டும். பொதுவாக அனுமதி தேவையில்லாத வரம்பு 100 வாட் ஹவர். 20,000 மில்லி ஆம்பியர் ஹவர் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுக்க 74 வாட் ஹவர் வரும், பிரச்சினை இல்லை.

கேள்வி: ஊரில் வாங்கிய கார்டை வெளிநாட்டுக் கடையில் தேய்த்தால், "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று மெஷின் கேட்குமாமே. எதை அழுத்த வேண்டும்?

பதில்: கடை இருக்கிற நாட்டின் பணத்தை. உங்கள் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தைப் போடுவது கடைக்காரர் தரப்பு. அதில் தங்கள் லாபத்தையும் சேர்த்துவிடுவார்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். உங்கள் வங்கி எடுக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் தனி. அதைக் கிளம்பும் முன் கேட்டு வையுங்கள்.

கேள்வி: என் படிப்பு ஒரே வருடம். மாதத் தவணையில் புதுப் போனோடு 24 மாத பிளான் தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: ஒரு வருடப் படிப்புக்கு 24 மாத ஒப்பந்தமா? நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். மாதத் தொகையை 24ஆல் பெருக்கி, அதே போனின் ரொக்க விலையோடு வைத்துப் பாருங்கள். 'இலவசப் போன்' எவ்வளவுக்கு வருகிறது என்று தெரியும். இருக்கிற போன் எந்த நிறுவனத்தோடும் லாக் ஆகாமல் இருந்தால், மாதா மாதம் ரீசார்ஜ் செய்கிற சிம் போதும்.

பழைய சிம்மை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊர் வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளம்பும் முன்பே ரோமிங்கைப் போட்டு, மொபைல் டேட்டாவை நிறுத்தி, இரண்டாவது சிம்மாகவோ இ-சிம்மாகவோ வைத்துக்கொள்ளுங்கள். எண் செத்துப்போகாமல் இருக்கக் குறைந்தபட்ச ரீசார்ஜ் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.