பேடும் ஆயிலும் மாற்றியும் ஆஃப்ரோடு பைக்கின் பின் பிரேக் பிடிக்கவில்லை, என்ன காரணம்?

நீங்கள் புது பேட் போட்டிருக்கிறீர்கள், பிரேக் ஆயில் மாற்றி ஏரும் எடுத்திருக்கிறீர்கள். காலையில் பிரேக் நன்றாக இருக்கிறது, மலைப்பாதையில் அரை மணி நேரம் ஓடினால் பெடல் உள்ளே போய்விடுகிறது, வண்டி ஆறியதும் மறுபடி சரியாகிறது என்கிறீர்கள். அந்தக் கடைசி விவரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்னொரு செட் பேட் வாங்குவதற்கு முன் பெடலின் ஃப்ரீ பிளேயைப் பாருங்கள், அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை.

எனக்கு இது நடந்தது கொல்லிமலையில். காரவள்ளிப் பக்கம் இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை. முதலில் பெடல் வழக்கத்தைவிட மேலேயே கெட்டியாக நின்றது. லேசாகத் தொட்டாலே பிடித்ததால் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கருகல் வாடை. அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் அடிவரை சும்மா இறங்கியது. முதல் கியருக்கு மாற்றி, முன் பிரேக்கை மெல்லப் பிடித்து ஓரம் கட்டினேன். பாட்டிலில் இருந்து டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததும் ‘உஸ்’ஸென்று ஆவியாகிப் போனது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான், கனமான பூட்ஸ் போட்ட காலுக்குச் சட்டென்று பிரேக் பிடிக்கட்டும் என்று மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் பகுதி) பிஸ்டனைத் தள்ளும் கம்பியைத் திருகி நீட்டியிருந்தேன். தப்பு அங்கேதான். பெடலை விட்ட பிறகும் அந்தக் கம்பி பிஸ்டனை லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான் ஆயில் திரும்பிப் போகும் சிறு துளை திறக்கும். அது மூடியே இருந்தால், சூட்டில் விரிகிற ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏறி பேடை டிஸ்க்கோடு ஒட்ட வைக்கிறது, அதனால் இன்னும் சூடு, இன்னும் அழுத்தம். கடைசியில் ஆயில் கொதித்துக் குமிழி விடும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் குடித்த ஆயிலுக்கு அந்த அளவு 155தான். ஓடை கடந்து, சேற்றில் புரண்டு ஓடும் வண்டியில் ஆயில் பழசாகும்வரை விட்டுவைக்கக் கூடாது.

இதைச் சோதிப்பது சுலபம். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு நன்றாக ஓட்டிவிட்டு வந்து அதையே செய்யுங்கள். இப்போது இறுக்கமாக இருந்தால், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) ப்ளீடர் நிப்பிளில் (ஏர் எடுக்கத் திறக்கும் சிறு திருகு) ஒரு குழாய் மாட்டி அரைச் சுற்றுத் திறவுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கம், அதாவது ஃப்ரீ பிளே இல்லை அல்லது அந்தத் துளை அடைத்திருக்கிறது. திறந்த பிறகும் இறுக்கம் போகவில்லை என்றால் பெரும்பாலும் காலிப்பர் பக்கம். அதன் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ சேறு ஏறி இறுகியிருக்கும். பேட் இரண்டும் ஒரே அளவில் தேயவில்லை என்றால் அதுவே சாட்சி. பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவிப் போடுங்கள்.

ஃப்ரீ பிளே எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்து வையுங்கள். பெடல் நுனியை விரலால் அழுத்தினால் முதல் சில மில்லிமீட்டர் தடையில்லாமல் இறங்க வேண்டும். இன்னொன்று, நின்றுகொண்டு ஓட்டும்போது வலது கால் பெடல் மேலேயே படுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே இதே சூட்டை அந்தக் கால் உண்டாக்கும். நண்பரைப் பின்னால் வரச்சொன்னால் போதும், பிரேக் லைட் சும்மா எரிகிறதா என்று சொல்லிவிடுவார்.

ஆறின வண்டியிலேயே பெடல் பஞ்சாக இருந்தால் கதை வேறு, லைனில் ஏர் இருக்கிறது. சில வண்டிகளில் ப்ளீடர் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்காது. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் கொஞ்சம் உள்ளேயே தங்கும். காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரச்சக்கை வைத்து, நிப்பிள் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ஏர் எடுங்கள். ஏபிஎஸ் வண்டி என்றால் அதன் யூனிட்டுக்குள் சிக்கிய ஏரை எடுக்க சர்வீஸ் சென்டர் கருவி தேவைப்படலாம்.

பெடல் கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பேடில் எண்ணெய் பட்டிருக்கும். செயின் ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்கை மூடாமல் விடுவதுதான் வழக்கமான காரணம். ஊறிப்போன பேடை உப்புத்தாளில் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். புது பேடும் முதல் இருபது முப்பது பிரேக்குக்கு நிதானமாகப் பழக வேண்டும்.

கம்பியைச் சரிசெய்த கையோடு, ஒருமுறை கொதித்த அந்த ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அதன் பிறகு சமதரையில் பத்து கிலோமீட்டர் ஓட்டி, சக்கரம் லேசாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே மலை ஏறுங்கள்.