பெற்றோர் வகுப்பு: மூன்றாம் வாரமே ஆள் குறைகிறது என்றவருக்கு

வணக்கம். வியாசர்பாடியில் 12 வாரப் பெற்றோர் வகுப்பு, மூன்றாம் வாரமே பாதிப் பேர் வரவில்லை, முடிவில் எஸ்டிக்யூ (பிள்ளையின் நடத்தை, மனநிலை பற்றிப் பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள்) மதிப்பெண்ணும் அசையவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் படிவத்தைப் பாருங்கள். எஸ்டிக்யூவின் வழக்கமான படிவம் கடந்த 6 மாதத்தைக் கேட்கும். 12 வாரம் கழித்து அதையே கொடுத்தால் பழைய அடமும் சேர்ந்தே பதிவாகும். பின்தொடர்வுப் படிவம் கடந்த ஒரு மாதத்தை மட்டும் கேட்கும். இரண்டிலும் அதே 25 கேள்விகள்தான்.

ஆள் குறைவதற்கு நேரத்தைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் லாரி வரும் வேளையில் எந்த அம்மா வந்து உட்காருவார்? அவர்களையே கேட்டு நேரம் வையுங்கள். வராதவர் வீட்டுக்கு அதே வாரம் போய் 20 நிமிடம் சொல்லிக்கொடுங்கள்.

நேரம் போதவில்லை என்று நடித்துப் பார்க்கும் பயிற்சியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. "ஒழுங்கா இரு" என்பதை "தட்டை எடுத்து சிங்க்ல போடு" என்று மாற்றிச் சொல்ல வாய் பழக வேண்டும். உரை கேட்டால் அது வராது. பிள்ளை செய்த உடனே "தட்டை நீயே எடுத்து வச்சிட்டியே!" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுவதும் அப்படித்தான்.

வீட்டுப்பாடம் ஒன்று போதும்: தினம் 5 நிமிடம், பிள்ளை கேட்கும் விளையாட்டு, போன் தள்ளி.

பிள்ளை உடம்பில் அடித்த தழும்பு தெரிந்தால் அடுத்த வகுப்புவரை காத்திருக்காதீர்கள். அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.