பி.எம்.ஐ 22.4, ஆனால் சர்க்கரை பார்டரில்: உடம்புக் கொழுப்பை எதை வைத்து அளப்பது?

கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: வயது 36, உயரம் 169 செ.மீ., எடை 64 கிலோ, பி.எம்.ஐ 22.4. உட்கார்ந்து பார்க்கும் வேலை, உடற்பயிற்சி இல்லை, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆபீஸ் செக்கப்பில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 5.9 என்று வந்திருக்கிறது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் அதிகம். "நான் ஒல்லிதானே, பி.எம்.ஐ நார்மல்தானே, இது எப்படி? கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின் ஒன்று வாங்கலாமா?"

மதுரையில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். உங்களை மாதிரி ஆட்களைத் தினமும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெஷின் வாங்க வேண்டாம். தையல் கடையில் வைத்திருக்கும் டேப் ஒன்று வாங்குங்கள். ஏன் என்பதுதான் மீதிப் பதில்.

பி.எம்.ஐ என்பது எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்து வரும் எண், அவ்வளவுதான். அதற்குள் கொழுப்பு என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்பவர் போட்ட கணக்கு அது. அவர் மருத்துவர் இல்லை, வானியலும் புள்ளியியலும் படித்தவர், மக்கள் கூட்டத்தில் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தவர். அதற்கு பி.எம்.ஐ என்று பெயர் வந்ததே 1972இல்தான், அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எடை, உயரம், தோல் மடிப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எடையையும் உயரத்தையும் மட்டும் வைத்துப் போடும் கணக்குகளில் இது தேவலை என்று சொன்னபோது. அந்த ஏழாயிரம் பேரும் ஆண்கள். ஒரு ஊரில் எத்தனை பேர் குண்டு, எத்தனை பேர் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் மெலிந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க இன்றைக்கும் இது நல்ல கருவிதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். தனி ஒருவரை நிற்க வைத்து "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று சொல்வதற்குத்தான் இது போதாது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருவர் புனேவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ ஒன்றேதான், 22.3. கிட்டத்தட்ட உங்கள் எண். கொழுப்பைப் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேனில் படுக்க வைத்து அளந்தால் யூட்கினுக்கு உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடைக் கணக்கு, கொழுப்பு மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு பேரை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது, சரிதான். ஆனால் யாஜ்னிக் குழு புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டும் பார்த்தது. நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. அவ்வளவு எடை குறைவாகப் பிறந்தும், முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளி அளந்த கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. குறைந்தது தசையும் மற்ற உறுப்புகளும்தான். அதாவது வெளியே பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற அமைப்பு பிறக்கும்போதே நம்மில் பலரிடம் இருக்கிறது. அதன் மேல் நாற்காலியிலேயே கழியும் ஒரு வாழ்க்கையும் சேர்ந்தால், முப்பத்தைந்து வயதுக்குள் சர்க்கரை எட்டிப் பார்ப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதற்காகத்தான் 2004இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திருக்க வேண்டாம், 23லேயே கவனிக்க ஆரம்பியுங்கள் என்றது. இந்திய மருத்துவர்களும் 2009இல் 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று வரம்பைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஆனாலும் இணையத்தில் இருக்கிற கணக்குப் பொறிகள் பல இன்னும் 24.9 வரை பச்சை நிறம் காட்டிக்கொண்டிருக்கின்றன, அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அப்புறம், கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை. வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேர்கிறதே, அதுதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது. உங்கள் டிரைகிளிசரைடு ஏறியிருப்பது எனக்கு அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர்கள் டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா குழு நாடு முழுக்க எடுத்த இண்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. பி.எம்.ஐ 25க்கு மேல் இருப்பவர்கள் 28.6 சதவீதம், ஆனால் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆட்களை நினைத்துப் பாருங்கள். எடை மெஷின் அவர்களைக் கண்டுபிடிப்பதில்லை.

சரி, எதை வைத்து அளக்கலாம்?

நீங்கள் கேட்ட வீட்டு மெஷின், நான்கு இரும்புத் தகடு பதித்த எடை மெஷின், கொழுப்பை அளப்பதே இல்லை. ஒரு காலில் மிக மெல்லிய மின்சாரத்தை விட்டு இன்னொரு காலில் வாங்குகிறது. தசையில் நீரும் உப்பும் இருப்பதால் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையை மட்டும் அளந்துவிட்டு, நீங்கள் கொடுத்த வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை எல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு சதவீதம் சொல்லும். அந்தச் சூத்திரம் எந்த ஊர் மக்களை வைத்து உருவானது என்பது பெட்டியில் எழுதியிருக்காது. மின்சாரம் பெரும்பாலும் காலோடு போய்விடுகிறது, நமக்குக் கவலையே வயிற்றைப் பற்றி. சந்தேகம் இருந்தால் யார் வீட்டிலாவது அதில் ஏறிப் பாருங்கள், அப்புறம் செயலியில் விளையாட்டு வீரர் என்ற அமைப்பு இருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஏறுங்கள், ஒரு நிமிடத்தில் உங்கள் கொழுப்பு குறைந்திருக்கும். தண்ணீர் குடித்தால் ஒரு எண், வியர்த்துவிட்டு வந்தால் ஒரு எண். ஜிம்மில் கையிலும் பிடித்துக்கொள்ளும் பெரிய மெஷின் இதைவிடத் தேவலை. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி ஏறி, மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் இதில் ஏறவே கூடாது.

தோல் மடிப்பை இடுக்கியால் கிள்ளி அளப்பது பழைய முறை, பழகிய கை அளந்தால் நன்றாகவே வரும். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும், வயிற்றுக்கு உள்ளே இருப்பதையும் அது தொடாது. தண்ணீருக்குள் முக்கி எடை போடும் முறையெல்லாம் ஆராய்ச்சிக் கூடங்களோடு சரி.

டெக்ஸா ஸ்கேன் நல்லது. வயதான பெண்களுக்கு எலும்பு அடர்த்தி பார்க்க எடுப்பார்களே, அதே கருவிதான். இரண்டு விதமான வலுவுள்ள எக்ஸ்ரே கதிரை அனுப்பி எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்துச் சொல்லும், கதிர்வீச்சும் மிகக் குறைவு. எலும்பு ஸ்கேன் இருக்கிற இடத்தில் எல்லாம் முழு உடம்புக் கொழுப்பைக் கணக்கிடும் வசதி இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அதற்காக மட்டும் அவற்றை எடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அந்தப் பணத்துக்கு வயிற்று அல்ட்ராசவுண்டில் கல்லீரலைப் பார்த்துவிடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், ஃபேட்டி லிவர் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.

இனி டேப். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன், ஏனென்றால் பத்து பேரில் எட்டு பேர் தப்பாக அளக்கிறார்கள். முதலில், பேன்ட் சைஸ் உங்கள் வயிற்றுச் சுற்றளவு இல்லை. "எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து 34தான் மேடம்" என்று சொல்கிறவர்களைக் கவனித்தால், பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிப்போயிருக்கும், அளவு மாறாததற்குக் காரணம் அதுதான். சட்டையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்தி, கடைசி விலா எலும்பு முடியும் இடத்தைத் தேடுங்கள். அதே கோட்டில் கீழே இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பேனா புள்ளி வையுங்கள். டேப் அந்தப் புள்ளி வழியாகத் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும், முதுகுப் பக்கம் சரிந்துவிடும், அதனால் கண்ணாடி முன் நின்று செய்யுங்கள் அல்லது வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட நிலையில் படியுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. பெண்கள் என்றால் இன்னொரு விஷயம், வருஷக்கணக்கில் பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும், டேப் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்காரும், அங்கே படித்தால் குறைவாகக் காட்டும். எலும்பைத் தேடித்தான் அளக்க வேண்டும்.

நமக்கான வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இன்னும் எளிதாக வேண்டுமானால், வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022இலிருந்து மக்களுக்குச் சொல்வது இதைத்தான். உங்கள் 169க்கு 84.5 செ.மீ. என் ஊகம், நீங்கள் அதைத் தாண்டித்தான் இருப்பீர்கள்.

டேப்பே எடுக்காமலும் ஒன்று சொல்ல முடியும். சென்னையில் இதே டாக்டர் மோகன் குழு 2005இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்று உண்டு, அதில் பி.எம்.ஐ கிடையாது. வயது 35லிருந்து 49க்குள் என்றால் 20 புள்ளி, பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, உடற்பயிற்சியும் இல்லை உட்கார்ந்த வேலை என்றால் 30. கூட்டினால் உங்களுக்கு 60. அறுபதைத் தொட்டாலே அதிக அபாயம், வயிற்றுக்கான புள்ளியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. இதில் வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது, ஆனால் அந்த 30ஐ மாற்றலாம், அதுதான் இருப்பதிலேயே பெரிய எண்.

ஒன்றே ஒன்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள்: பயந்துபோய்ச் சாப்பாட்டைப் பாதியாக வெட்டி எடையைக் குறைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே தசை குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து அதுவும் போகும். பி.எம்.ஐ 20க்கு வந்து எல்லோரும் பாராட்டுவார்கள், சர்க்கரையைச் செரிக்க வேண்டிய தசையோ இன்னும் சுருங்கியிருக்கும். தினமும் வேக நடை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தண்டால், பஸ்கி, அல்லது ஜிம்மில் எடை தூக்குவது. தட்டில் சோறு குறைகிற இடத்தில் சுண்டல், முட்டை, மீன், பயறு, தயிர் என்று ஏதாவது வர வேண்டும், வெறும் இடமாக இருக்கக் கூடாது. 5.9 என்பது சர்க்கரை நோய் இல்லை, 5.7லிருந்து 6.4 வரை பார்டர்தான், இந்தக் கட்டத்தில் திரும்பி வந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனை, அதே டேப், அதே பேனா புள்ளி. எடை ஒரு கிலோகூட இறங்காமல் சுற்றளவு மட்டும் மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் மனசு விட்டுவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஒருமுறை டேப் பிடித்துவிடுங்கள். அப்பா வழியாக வந்த அந்த 10 புள்ளி அவர்கள் கணக்கிலும் இருக்கிறது.